ஊமை ராணி ஏன் சாக வேண்டும்?



சரித்திர நாவல் என்றால் நம்மவர்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் பால்வெட்டுக்குப் போன தலைமுறைகூட, பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வந்தியத்தேவனைத் தெரியும். வீட்டுக்கு வந்து போகிற மருமகனைப் பற்றிப் பேசுவது போலத்தான் அவனைப் பற்றிப் பேசுவார். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் போய்த் தாமான் வந்துவிட்டது. வந்தியத்தேவன் மட்டும் போகவில்லை. 2022-லும் 2023-லும் பொன்னியின் செல்வன் படமாக வந்தபோது, தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகள்கூட 'டீச்சர், நந்தினி நல்லவளா கெட்டவளா?' என்று என்னைக் கேட்டார்கள்.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிலும் பாதிக்குமேல் கதைகளைப் பற்றித்தான். போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத ஓடவில்லை. பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தச் சகோதரிக்கு வயது இருபத்து நான்கு. தங்கைக்குப் பதினாறு. தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆகையால் பேச்சும் இல்லை. தூரத்து ஊரில் காது கேளாதோர் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்து, மலாயும் கைமொழியும் கற்றவள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. அதனால் விடுமுறையில் அக்காதான் பொன்னியின் செல்வனைக் கை ஜாடையிலும் படம் போட்டும் அவளுக்குச் சொல்லி வந்தார். ஐந்து பாகத்தையும் இப்படிச் சொல்வதென்றால் சும்மாவா! தங்கைக்கு மற்ற யாரையும்விட ஊமை ராணி மந்தாகினியைத்தான் பிடித்துவிட்டது. 'இவள் என்னைப் போல' என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டுவாளாம். கடைசிப் பாகத்தில் ஊமை ராணி செத்துப்போகிறாள் என்றதும் தங்கை எழுந்து போய்விட்டாள். மறுநாள் ஒரு காகிதத்தில் மலாயில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாளாம்: 'அவள் ஏன் சாக வேண்டும்?'

கடிதம் இதோடு நின்றிருந்தால் ஒரு கதைக் கேள்வி என்று பதில் எழுதியிருப்பேன். அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில், தங்கையைப் பின் வரிசையில் இருக்கும் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிற வரையில் அவள் அங்கேயே இருந்தாள். 'உனக்கு எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள்?' என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டபோது, 'ஒரு தம்பி மட்டும்தான்' என்று அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். 'டீச்சர், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். கல்யாணம் ஏறக்குறைய முடிவான மாதிரிதான். நான் செய்வது சரியா?' என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்பது என் அபிப்பிராயம். ஆகவே கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மந்தாகினியின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்; ஆனாலும் ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். இளவரசராக இருந்த சுந்தர சோழர், போரின்போது கப்பலை விட்டுத் தனித்துப்போய் ஈழத்துக் கரையோரம் ஒரு தீவில் ஒதுங்குகிறார். அங்கே கரடியிடமிருந்து அவர் உயிரைக் காப்பாற்றுகிறாள் ஒரு கரையர் மகள். அவளுக்குக் காது கேட்காது, வாய் பேசாது. இருவருக்கும் அன்பு உண்டாகிறது. அப்புறம் சோழ நாட்டிலிருந்து கப்பல் வருகிறது. பட்டம் கட்டிக்கொள்ள அவரை அழைத்துப் போய்விடுகிறார்கள். முடிசூட்டு விழாக் கூட்டத்தில் ஒரு கணம் அவளைப் பார்க்கிறார். ஆள் அனுப்புகிறார், அவள் அகப்படவில்லை. பிறகு கோடிக்கரைக் கலங்கரை விளக்கின் மேலிருந்து கடலில் குதித்து மாண்டுவிட்டாள் என்று அவருக்குச் செய்தி வருகிறது. அவரும் நம்பிவிடுகிறார்.

அவள் சாகவில்லை. காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைக் காப்பாற்றியது அவள். அருள்மொழி வாலிபனாகி ஈழத்துக்குப் போனபோது, அனுராதபுரத்தில் ஆபத்திலிருந்து காப்பாற்றியதும் அவள். தான் சொல்ல வேண்டியதையெல்லாம் பாறைச் சுவரில் படங்களாக எழுதி வைத்திருக்கிறாள். அந்த அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த பெயரே 'சித்திரங்கள் பேசின'. கடைசியில் தஞ்சை அரண்மனையில் சக்கரவர்த்தியைக் குறிவைத்து எறிந்த வேலைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு உயிரை விடுகிறாள். அந்தப் பாகத்தின் பெயர் 'தியாகச் சிகரம்'.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குற்றம் யாருடையது? தீவிலே ஒரு பெண்ணை விட்டுவிட்டு வந்தவர் ராஜா. அவள் செத்துவிட்டாள் என்று சொன்னபோது தேடிப் பார்க்காமல் நம்பியவரும் ராஜாதான். பல வருஷம் மனத்துக்குள்ளே புழுங்கிப் புழுங்கி, 'ஒரு பாவமும் அறியாதவளைக் கொன்றுவிட்டேனே' என்று மகள் குந்தவையிடம் மனம் விட்டுச் சொல்கிறவரும் அவரேதான். ஆனால் பிராயச்சித்தம் செய்தவள் யார்? ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பெண். மீட்சி ஒருவருக்கு, அதற்கான விலை இன்னொருவருக்கு! காசு கொடுக்க வேண்டியவர் கட்டிலில் படுத்திருக்க, கடையில் கடன் வாங்காதவள் வந்து கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.

கல்கியைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மந்தாகினியை அவர் கையாலாகாதவளாகப் படைக்கவில்லை. அந்த நாவலில் காது கேட்கிற மந்திரிகளும் ஒற்றர்களும் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் தெரியாமல் அரண்மனைக்குள் கொலைகாரன் பதுங்கியிருக்கிறான். அதை அறிந்துகொள்கிறவள் அவள்தான். படகு விடுவாள், காட்டில் தனியே வாழ்வாள், யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். நம் பாட்டி காலத்துக் கதைகளில் இவ்வளவு திறமையோடு ஒரு பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். அதிலும் காது கேளாத பெண்ணை! அதனால்தான் அந்தப் பதினாறு வயதுப் பெண் 'இவள் என்னைப் போல' என்றாள். இவ்வளவையும் கொடுத்த ஆசிரியர் கடைசியில் அவளை உயிரோடு விட்டுவைக்கவில்லையே என்பதுதான் அவளுடைய ஆதங்கம். ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

கதைக்குள்ளே பார்த்தால் காரணம் உண்டு. அவள் உயிரோடு இருந்தால் சக்கரவர்த்தி அவளை எந்த இடத்தில் வைப்பார்? பட்டமகிஷி வானமாதேவி பக்கத்திலேயே இருக்கிறார். கரையர் மகள், அதுவும் வாய் பேசாதவள், அரண்மனையில் எந்த ஆசனத்தில் உட்காருவாள்? ஆசிரியருக்கு அது சங்கடம். சாகடித்துவிட்டால் சங்கடம் தீர்ந்தது. எல்லோரும் அவளுக்காகக் கண்ணீர் விடலாம், கோயில் கட்டிக் கும்பிடவும் செய்யலாம். உயிரோடு இருப்பவளுக்குத்தான் நாற்காலி போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அவள் உயிரோடு இருக்கும்போதே கதையில் அவளை ஆவியாக்கிவிடுகிறார்கள். அவளுடைய சாயலில் இருக்கும் நந்தினி, நடு ராத்திரியில் ஊமை ராணியைப் போல வேஷம் போட்டுக்கொண்டு சக்கரவர்த்தியின் முன்னால் வந்து நிற்கிறாள். அவர் பேய் என்று அலறுகிறார். நிஜமான பெண்ணோ எங்கோ ஒரு காட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். இந்த இடத்தைச் சிறு வயதில் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. 'ஒரு தம்பி மட்டும்தான்' என்று ஒரு தாய் சொல்லும்போது, பின் வரிசையில் சின்னம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அந்தத் தாய் என்ன ஆக்கிவிட்டார்?

சுந்தர சோழரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்கள் இரண்டும் செயலற்றுப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். வைத்தியர்களால் ஆகவில்லை. உடம்பின் நோயோடு மனத்தின் உறுத்தலையும் கல்கி பின்னிப் பின்னிச் சொல்லிக்கொண்டு வருவதால், படிக்கிறவர்களுக்கு 'செய்த பாவம்தான் காலில் வந்து உட்கார்ந்துவிட்டது' என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. நம் வீடுகளில் பேசுகிற பேச்சும் அதுதானே! 'போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாளோ' என்று குழந்தையின் முகத்துக்கு நேராகவே சொல்லுவோம்; காதுதான் கேட்காதே என்ற தைரியம். காது கேளாத பிள்ளைகள் முகத்தைப் படிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது அவர்களோடு பழகினவர்களுக்குத் தெரியும்.

அதே நாவலில் இன்னொரு ராஜாவும் உண்டு. திருப்புறம்பயம் போர்க்களத்தைப் பற்றிக் கல்கி சொல்கிற இடத்தைப் புரட்டிப் பாருங்கள். கிழவர் விஜயாலய சோழர். உடம்பெல்லாம் தொண்ணூற்றாறு காயம். கால்கள் இரண்டும் பயன்படாமல் போனவர். தோல்வி வரும் வேளையில் இரண்டு வீரர்களின் தோளில் ஏறிக்கொண்டு, இரண்டு கையிலும் வாள் பிடித்துச் சுழற்றிக்கொண்டு பகைவர் படைக்குள் புகுந்தார் என்று வருகிறது. தொண்ணூற்றாறு புண்ணை ஆபரணமாகச் சுமந்தவர் என்று ஒட்டக்கூத்தரின் உலாவிலும் அவருக்குப் பெருமை உண்டு. பெரிய பழுவேட்டரையருக்கு அறுபத்து நான்கு காயம். அவரும் அதைப் பெருமையாகச் சுமந்துகொண்டுதான் நாவல் முழுவதும் நடமாடுகிறார்.

ஆக, கால் இல்லாவிட்டாலும் ஒருவர் ராஜாவாக இருக்கலாம், வீரராக இருக்கலாம், தோளில் தூக்கிக்கொள்ள ஆட்களும் கிடைப்பார்கள். ஆனால் அந்தக் குறை போர்க்களத்தில் வந்திருக்க வேண்டும். வந்தவர் ஆணாகவும் இருக்க வேண்டும். பிறக்கும்போதே வந்தால், அதுவும் பெண்ணுக்கு வந்தால், அது விதி, பாவம், சாபம். புண்ணுக்கும் ஊனத்துக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கிற கோடு இது. தோட்டத்தில் மரம் விழுந்து கால் போன பெரியவரைக் 'கஷ்டப்பட்டவர்' என்று நாற்காலி போட்டு உட்கார வைப்போம். பிறவியிலேயே கால் வளைந்த பிள்ளையைப் பின்கட்டில் வைப்போம். நான் நேரில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வில்லன்களின் கதை வேறு மாதிரி. பார்த்திபன் கனவில் வரும் கபால பைரவருக்கு ஒரு கை இல்லை. காட்டில் தீவட்டி வெளிச்சத்தில் ஒற்றைக் கையோடு அவர் நிற்கும்போதே இவர் பொல்லாதவர் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உடம்பில் குறை இருந்தால் மனத்திலும் குறை இருக்கும் என்ற பழைய கணக்கு இது. கூனி என்று பெயர் வைத்தே ஒரு பாத்திரத்தைக் கெட்டவளாக்கின பழக்கம் நமக்கு இராமாயணத்திலிருந்தே இருக்கிறதே. ஆனால் ஒரு சுவாரசியம் கேளுங்கள். சரித்திரப்படி முந்திய காலத்தைச் சொல்லும் சிவகாமியின் சபதத்தைக் கல்கி எழுதியது பார்த்திபன் கனவுக்குப் பிறகுதான். அதாவது ஒற்றைக் கை வில்லன் முதலில் பிறந்துவிட்டான். அந்தக் கை எப்படிப் போயிற்று என்று ஆசிரியர் யோசித்தது பின்னால். யோசித்தபோது நாகநந்தியடிகள் என்ற மனிதர் பிறந்தார். கலையில் உயிரை வைத்தவர், சிவகாமியின் நடனத்தில் பைத்தியமாக இருந்தவர், அண்ணன் தம்பிப் பாசத்தில் அலைக்கழிந்தவர். அப்புறம் வாதாபிப் போரில் பரஞ்சோதியின் ஆயுதத்தால் கை போகிறது. முன்கதை தெரிந்த பிறகு பார்த்திபன் கனவை மறுபடி படித்தால் கபால பைரவரை அத்தனை சுலபமாக வெறுக்க முடியவில்லை. உடம்பை மட்டும் பார்த்தால் பூச்சாண்டி, கதை தெரிந்தால் மனிதர்.

சாண்டில்யனைப் பற்றியும் கேட்பீர்கள். அவருடைய கதாநாயகர்களுக்குக் காயம் படாத நாளில்லை. ஆனால் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒரு அழகி இருப்பாள், நாலு அத்தியாயத்தில் மறுபடியும் குதிரை ஏறிவிடுவார்கள். அது வேறு சங்கதி. இந்தக் கணக்கில் சேராது.

வெள்ளைக்காரர் எழுதிய கதைகளில் மட்டும் என்ன வாழ்கிறது? பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது நூலகத்தில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒன்று பிரெஞ்சிலிருந்து வந்தது. விக்டர் ஹியூகோ 1831-இல் எழுதிய நாவல். அவருக்கும் அது பழங்காலக் கதைதான். 1482-ஆம் ஆண்டுப் பாரிஸ் நகரம். மாதா கோயில் மணியடிக்கும் குவாசிமோடோவுக்கு முதுகு கூன், ஒரு கண் இல்லை. மணி அடித்து அடித்துக் காதும் போய்விட்டது. ஊரார் அவனைக் கட்டிவைத்து அடிக்கும்போது, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவள் எஸ்மரால்டா என்ற ஒரே ஒரு பெண். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காக அவன் எதையும் செய்யத் தயாராகிறான். கடைசியில் அவளுடைய பிணத்தை அணைத்துக்கொண்டே செத்துப்போகிறான். பிரமாதமான நாவல்தான். ஆனால் இங்கேயும் அதே முடிவு. அன்பு உண்டு, தியாகம் உண்டு, உயிரோடு இருக்க மட்டும் இடமில்லை.

இன்னொன்று சார்லட் பிராண்டி 1847-இல் வெளியிட்ட ஜேன் அயர். சாந்தி நிலையம் என்று 1969-இல் வந்த தமிழ்ப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதையின் ஜாடை தெரிந்திருக்கும். ராச்செஸ்டர் என்ற பணக்காரர், மனநிலை பிறழ்ந்த மனைவியை மாடி அறையில் பூட்டி வைத்துவிட்டு, அதை மறைத்து ஜேன் என்ற ஏழை ஆசிரியையை மணக்கப் பார்க்கிறார். மாதா கோயிலில் உண்மை வெளிப்பட்டு அவள் போய்விடுகிறாள். பிறகு அந்த மனைவி வீட்டுக்குத் தீ வைக்கிறாள். அவளைக் காப்பாற்றப் போன ராச்செஸ்டருக்குக் கண் போகிறது, ஒரு கையும் போகிறது. ஜேன் திரும்பி வந்து அவரை மணக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் திரும்ப, தலைப்பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கிறார்.

இந்தக் கதையில் ஒரு நியாயம் உண்டு. தப்புச் செய்தவரே விலை கொடுக்கிறார்; வேறொருத்தியைக் கொடுக்கச் சொல்லவில்லை. கண் தெரியாதவர் என்று தெரிந்தே ஜேன் வருகிறாள், கையைப் பிடித்து நடத்துகிறாள், வாழ்க்கை நடக்கிறது. அந்தக் கடைசிக் கண் பார்வை இல்லாமலிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்பது என் எண்ணம். நல்லவனாகிவிட்டான், ஆகவே குணமாகிவிட்டான் என்பது பரிசு கொடுக்கிற மாதிரி. அப்படியானால் குணமாகாதவர்களெல்லாம் இன்னும் நல்லவர்களாகவில்லை என்றா அர்த்தம்? மாடி அறையில் பூட்டப்பட்ட அந்த மனைவி பெர்த்தாவைப் பற்றி ஜேன் அயர் அதிகம் கவலைப்படவில்லை. தீயோடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது. நூறு வருஷத்துக்கு மேலாகிய பிறகு, 1966-இல், ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளர் அந்த மனைவியின் பக்கத்திலிருந்து ஒரு முழு நாவல் எழுதினார். பூட்டிய அறைக்குள் இருந்தவளுக்கும் ஒரு பிள்ளைப் பருவம், ஓர் ஊர், ஒரு கல்யாணக் கனவு இருந்தது என்று அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். சகோதரி, முதலில் உங்கள் அம்மாவுக்கு. அம்மா, உங்கள் மகளுக்குக் காது கேளாமற் போனதற்குப் பாவம் காரணமில்லை. கருவுற்றிருக்கும் தாய்க்கு ரூபெல்லா அம்மை வந்தாலும் பிள்ளைக்கு இப்படி ஆகலாம். பிறந்த பிறகு மூளைச்சவ்வுக் காய்ச்சலோ கடுமையான மஞ்சள் காமாலையோ வந்தாலும் ஆகலாம். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரலாம். அவளுடைய தொண்டைக்கும் நாக்குக்கும் ஒரு குறையும் இருக்க வேண்டியதில்லை. பேச்சைக் காதால் கேட்டுப் படிக்க முடியாததால்தான் வாய்ப் பேச்சு வரவில்லை. ஊமை என்கிறோமே, அந்தச் சொல்லே பொருந்தாது. அவளுக்கு ஒரு மொழி இருக்கிறது. அது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

'கல்யாணம் நின்றுபோனால் நீங்களா பொறுப்பு?' என்று அம்மா என்னைக் கேட்பார். நியாயமான கேள்வி. இருபத்து நான்கு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் தாயின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். வழிவழியாக வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், அதற்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் தேடலாம்; பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மரபு வழி ஆலோசனை சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள். முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார். அன்றைக்கும் தங்கையைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்புவீர்களா? உங்களுக்குப் பிள்ளை பிறந்து, சித்தி எங்கே என்று அது கேட்கும்போது?

ஆகவே சகோதரி, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: சரியில்லை. தேதி குறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அம்மா சொல்லமாட்டார் என்றால் நீங்களே மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்' என்று தொடங்கினால் போதும். 'குறை', 'பாவம்' என்று தொடங்க வேண்டாம். அதைக் கேட்டு எழுந்து போகிறவர் அப்போதே போகட்டும். முடிந்தால் தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவளைப் பற்றிய பேச்சு அவளுக்குத் தெரியாமல் நடந்தது போதும்.

இன்னொரு காரியமும் உண்டு. உங்கள் கடிதத்தில் அம்மாவுக்குக் கைமொழி தெரியும் என்று எங்கேயும் இல்லை. பதினாறு வருஷமாகத் தாயும் மகளும் 'சாப்பிடு', 'வா', 'போ' என்ற அளவிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறேன். நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், மலேசியக் கைமொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. காது கேளாதோர் சங்கங்கள் வகுப்பு நடத்துகின்றன, பெற்றோர்களும் சேரலாம். சமூக நலத்துறையில் அவளைப் பதிந்து ஓகேயூ அட்டை எடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். ஊர் அறிந்துவிடும் என்று பயந்து பதியாமலே விட்ட பெற்றோர்களை எனக்குத் தெரியும். உதவித் தொகையோ வேலை வாய்ப்போ, எதைக் கேட்கப் போனாலும் முதலில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்தது. ஊமை ராணி வேலை ஏந்தி விழுந்த கதையை மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் கண்ணீரோடு வாசித்துக்கொண்டிருந்த காலம். அதே 1954-இல்தான் பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளியின் விடுதியில் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு கைமொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்குக் கைமொழி என்று அதற்குப் பெயர். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல; விளக்கணைத்த பிறகும் பேச வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகள் தாங்களே கட்டிய மொழி. மந்தாகினிக்குப் பாறைச் சுவர் கிடைத்தது. இவர்களுக்குத் தோழர்கள் கிடைத்தார்கள்.

தங்கையின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 'தியாகம்' என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டாம். அவள் கேட்டது சரியான கேள்வி என்றே சொல்லுங்கள். கதை முடிந்தபோது அன்றைய வாசகர்களும் கல்கிக்குக் கடிதம் எழுதித் துளைத்தெடுத்தார்கள். அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. உங்கள் தங்கையும் அந்த வரிசையில் ஒரு வாசகி. வந்து சேர எழுபது வருஷம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதோடு வாணி அம்மாளை அவளுக்குக் காட்டுங்கள். அநேகமாக அவசரத்தில் தாண்டியிருப்பீர்கள். எல்லோரும் தாண்டுகிற இடம்தான். தஞ்சைக்குப் பக்கத்தில் நந்தவனம் வைத்து, சுவாமிக்குப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனின் தாய் அவர். மந்தாகினியின் தங்கை, அவருக்கும் காது கேட்காது, பேச்சு இல்லை. வந்தியத்தேவன் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனாக வந்தபோது இலை போட்டுச் சாப்பாடு போட்டவர். செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த ஒரு குழந்தை உயிரோடிருப்பது தெரிந்ததும், தூக்கிக்கொண்டு போய்ச் சொந்தப் பிள்ளையாக வளர்க்கிறார். அந்தப் பிள்ளைதான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், பின்னால் உத்தம சோழனாக முடிசூடுகிறவன். வேல் தாங்கவில்லை, கடலில் குதிக்கவில்லை, வாய் பேசும் அதிசயமும் நடக்கவில்லை. காலையில் எழுந்தார், பூப் பறித்தார், சமைத்தார், பிள்ளையை வளர்த்தார். ஐந்து பாகத்தில் அவருக்குக் கிடைத்தது சில பக்கங்கள்தான்.

இப்போது வாசகர்களுக்கு ஒரு வேலை. நீங்கள் படித்த சரித்திர நாவல்களில் கண்ணோ காதோ காலோ குறைந்த பாத்திரம் ஒன்று, வில்லனாகவும் இல்லாமல், கடைசி அத்தியாயத்தில் சாகவும் செய்யாமல், திடீரென்று குணமாகவும் ஆகாமல் இருந்தால், நாவலின் பெயரோடு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். எனக்கு வாணி அம்மாள் ஒருத்திதான் இதுவரை அகப்பட்டிருக்கிறார். அடுத்த இதழில், ஆறாம் ஆண்டு மகன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கும் தாய்மார் மூவருக்கும் பதில் எழுதுகிறேன்.